கேட்காமல் விட்ட வீடு

பட்டியலில் பத்தாம் நம்பர் லயம் இல்லை. விஜயலெட்சுமி மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள், கீழிருந்து மேலே ஒரு முறை பார்த்தாள், பிறகு விரலை வைத்து வரி வரியாக ஒரு முறை பார்த்தாள். மூன்றாம் நம்பர் இருந்தது, ஐந்தாம் நம்பர் இருந்தது. மலையை விட்டுத் தள்ளிச் சமதரையில் சொகுசாகக் கிடக்கிற ஏழாம் நம்பர்கூட இருந்தது. பத்து மட்டும் இல்லை. வந்ததே கோபம் அவளுக்கு!

ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மலையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பது அந்தப் பத்தாம் நம்பர்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா, எட்டுக் குடும்பம். நவம்பர் மழையில் பின்சுவர் நெடுகிலும் விரல் நுழையும் அகலத்துக்கு வெடித்துப்போய், மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்து, எல்லாரையும் பாயும் தலையணையுமாகத் தோட்டப் பாடசாலை மண்டபத்துக்கு இறக்கி மூன்று வாரம் ஆயிற்று. பாதுகாப்பான இடத்தில் புது வீடு கொடுக்கப் பெயர் எடுக்கிறார்கள் என்றால் முதல் பெயரே பத்தாக அல்லவா இருக்க வேண்டும்? யாரிடம் போய்ச் சொல்ல!

விஜயலெட்சுமி பசறையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிக்கிற டீச்சர். முப்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை. அப்பா தம்பையாவோடு அந்த லயத்தின் ஐந்தாவது காம்பராவில்தான் இருந்தாள். அளவையியல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒருவர் 'இது இப்படி, ஆகவே அது அப்படி' என்று சொல்லும்போது, அந்த 'ஆகவே'க்கு அடியில் சொல்லாமல் எதை ஒளித்துவைத்திருக்கிறார் என்று தோண்டிப் பார்க்கிற பாடம். பதினோரு வருடமாகத் தோண்டித் தோண்டி அவளுக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. பஸ் கண்டக்டர் "இடமிருக்கு, ஏறுங்க" என்றால்கூட "நிக்கவா, உக்காரவா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

பட்டியலைக் கொண்டுவந்த கள உத்தியோகத்தர் ஸஹாப்தீன் மண்டபத்து மூலையில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மொனராகலையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். வெயில் ஊரில் பழகிய மனிதருக்கு இந்தக் குளிர் ஒத்துவரவில்லை. எந்நேரமும் மூக்கைத் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

"சேர், பத்தாம் நம்பர் ஏன் இல்ல?"

அவர் கோப்பைப் புரட்டினார். "மூணு காரணம் எழுதியிருக்கு டீச்சர். ஒண்டு, வெடிச்சது பின்னால சமைக்கிற குசினிச் சுவர். குசினி நீங்களே கட்டினது. தோட்டம் கட்டின முன்சுவர் வெடிக்கல்ல. அப்ப கட்டினதுலதான் பிழை, மண்ணுல இல்ல. ரெண்டு, அந்த வெடிப்பு போன வருசமே இருந்திருக்கு. ஒண்டும் நடக்கல்ல. மூணு, ஆக்கள் இன்னும் லயத்துக்குப் போய்வாறாங்க. கோழி நிக்குது, கொடியில உடுப்புக் காயுது. பயமில்லாம போய்வாற இடத்துக்கு எதுக்குப் புது வீடு?"

விஜயலெட்சுமி விரல் மடக்கி எண்ணினாள். மூன்று காரணம், மூன்றிலும் ஓட்டை. வகுப்பில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் சிவப்புப் பேனா தீர்ந்துபோயிருக்கும்.

"சேர், குசினி மலைப் பக்கம் இருக்கு. மண்ணு நகந்தா மொதல்ல வெடிக்கிறது அந்தப் பக்கம்தானே? நாங்க கட்டினதாலதான் வெடிச்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க? போன வருசம் விழல, அதனால இந்த வருசமும் விழாதுன்னா, போன வருசம் சாகாதவங்க யாருமே இனிமே சாக மாட்டாங்களா? அப்புறம், ஈரத் துணிய இந்த மண்டபத்துல எங்க காயப்போடச் சொல்றீங்க, உங்க மேசை மேலயா?"

ஸஹாப்தீன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்க சொல்றது சரிதான் போல" என்று மூக்கைத் துடைத்தார். "எழுதிக் குடுங்க. மேல அனுப்புறன். திரும்பப் பாக்கச் சொன்னா வந்து பாக்குறன்."

எழுதுவதென்றால் விஜயலெட்சுமிக்குக் கேட்கவா வேண்டும்? அன்று மாலையே உட்கார்ந்துவிட்டாள். முதல் இரண்டு காரணத்தையும் கிழித்துத் தொங்கவிட்டாயிற்று. மூன்றாவதுதான் இடித்தது. ஆட்கள் போய்வருவது உண்மைதானே! அதை அடியோடு நிறுத்தினால்தான் கடிதம் நிற்கும்.

ஒவ்வொரு பாயாகப் போனாள். ஏழு குடும்பத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். "இன்னையிலருந்து லயத்துப் பக்கம் போகவே கூடாது. ஒரு சட்டி எடுக்கக்கூட. சம்மதமா?" ஏழு குடும்பமும் சம்மதித்தது. அதில் நேசராணிதான் மல்லுக்கு நின்றாள். நாலாவது காம்பராக்காரி, விஜயலெட்சுமியோடு ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவள், கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ச்சுக்குப் போவாள், மிச்ச ஆறு நாளும் யாரையாவது வம்புக்கு இழுப்பாள்.

"அப்ப என் கோழிங்க? அதுங்களுக்கும் சிவப்பு எச்சரிக்கைய வாசிச்சுக் காட்டுவீங்களா டீச்சர்?"

"பசறையில உங்க தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுங்க நேசராணி."

"பன்னெண்டு கோழி! அதுல நாலு அடைக்கு உக்காந்திருக்கு!"

"கோழி முக்கியமா, வீடு முக்கியமா?"

நேசராணி முணுமுணுத்துக்கொண்டே கோழிகளைக் கூடையில் அடைத்து பஸ்ஸில் ஏற்றினாள். பசறைக்குப் போய்ச் சேருமுன் வளைவுகளில் குலுங்கி இரண்டு செத்துப்போயின. அதையும் பொறுத்துக்கொண்டாள், பாவம்.

கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியபோது அவள்தான் மறுபடியும் வாயைத் திறந்தாள். "'இந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த லயத்தில் ஒருவர்கூட காலடி வைக்கவில்லை'ன்னு எழுதியிருக்கீங்களே. எதுக்கு இம்புட்டு அழுத்தம்? 'நாங்க இப்ப அங்க இல்ல'ன்னா போதாதா?"

"போதாது. மொதல்ல வைக்கிற எடுகூற்று உறுதியா இருந்தாத்தான் முடிவு உறுதியா இருக்கும்."

"என்னமோ போங்க. படிச்சவங்க."

ஏழு குடும்பம் என்று சொன்னேன், கவனித்தீர்களா? லயத்தில் இருப்பதோ எட்டு. மிச்ச ஒன்று அவள் வீடு. அந்த வீட்டில் இருப்பதும் இரண்டே பேர், அவளும் அப்பாவும். அவரை அவள் கேட்கவில்லை. சொந்த அப்பாவிடம் இதைப் போய்க் கேட்பானேன் என்று தோன்றியதா என்றால், அதுகூட இல்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

தம்பையாவுக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பது வருடம் மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர். பேச்சு குறைவு. அவர் மனைவி, விஜயலெட்சுமியின் அம்மா கருப்பம்மா, எச்சரிக்கை வருவதற்கு ஆறு நாளுக்கு முன்னால் அதே காம்பராவில், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழும்பவில்லை. அடக்கம் ஆயிற்று. அவளைக் கிடத்திய இடத்தில் விளக்கு ஏற்றிவைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த விளக்கை அணையவிடக் கூடாது. பதினாறாம் நாள் வருமுன்னே எல்லாரையும் மண்டபத்துக்கு இறக்கிவிட்டார்கள். கருமாதி நின்றுபோயிற்று. மண்டபத்தில் பாயும் துணியும் நெருக்கியடித்துக் கிடந்ததால் நெருப்பு கூடாது என்று ஒரு சட்டம் வேறு.

"அப்பா, கருமாதிய மழைவிட்டு எங்கயாச்சும் செஞ்சுக்கலாம். அதுவரைக்கும் மனசுல வெளக்கேத்திக்குங்க. அம்மா ஒன்னும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றாள் மகள்.

"ம்" என்றார் தம்பையா.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடிதம் அனுப்பி ஒரு வாரம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு நெருப்புப்பெட்டி கிடந்தது. பாதிக்கு மேல் குச்சி தீர்ந்திருந்தது. அவ்வளவுதான், சட்டையைக் கல்லின் மேல் எறிந்துவிட்டு மண்டபத்துக்குள் போனாள்.

"மறுபடியும் பீடியா?"

தம்பையா நெருப்புப்பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணித்தானே நாலு வருசத்துக்கு முன்னால விட்டீங்க? அவங்க போயி ஒரு மாசந்தான் ஆச்சு. கருமாதிகூட முடியல. அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு! வெக்கமா இல்ல?"

"ம்" என்றார் தம்பையா.

அக்கம்பக்கத்துப் பாய்க்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நெருப்புப்பெட்டியைப் பிடுங்கி யன்னலுக்கு வெளியே வீசினாள். கிழவர் அடுத்த நாள் கடையில் வேறொன்று வாங்கிக்கொண்டார். அதுவும் அவளுக்குத் தெரியும், அதற்கும் ஒரு சண்டை நடந்தது. ஆனால் அப்பாவின் வாயில் பீடி நாற்றம் அடிக்கிறதா என்று ஒருநாள்கூட அவள் முகர்ந்து பார்க்கவில்லை. நெருப்புப்பெட்டி இருக்கிறது, ஆகவே பீடி. அவ்வளவுதான் தர்க்கம். இதே 'ஆகவே'யை வேறு யாராவது போட்டிருந்தால் சும்மா விட்டிருப்பாளா?

காலையில் அவள் ஆறேகால் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அதற்குப் பிறகு அப்பா எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடிதம் வேலை செய்தது. மறுபடியும் பார்வையிடச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. ஸஹாப்தீன் ஒரு சனிக்கிழமை காலை குடையோடும் கோப்போடும் வந்துசேர்ந்தார். விஜயலெட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலாவது காம்பராவின் சாவியை எடுத்துக்கொண்டு நேசராணியும் கூட வந்தாள். அப்பாவைக் காணவில்லை. கடைக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டாள்.

முதலில் நேசராணியின் குசினி. இங்கேதான் விஜயலெட்சுமி தன் துருப்புச் சீட்டை ஒளித்துவைத்திருந்தாள். லயத்தை விட்டு இறங்கிய அன்றைக்கே வெடிப்பின் குறுக்கே கொப்பித்தாள் துண்டு ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் திகதியை எழுதிவைத்திருந்தாள். இப்போது அந்தத் துண்டு நடுவில் இரண்டாகக் கிழிந்து, இடையில் பெருவிரல் அளவு இடைவெளி.

"பாருங்க சேர். ஒட்டும்போது முழுசா இருந்துச்சு. யாரும் தொடல. சுவர்தான் நகந்திருக்கு. போன வருசத்து வெடிப்பா இருந்தா இந்த வருசம் ஒட்டின தாளு எப்படிக் கிழியும்?"

ஸஹாப்தீன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து படம் எடுத்தார். "இது நல்ல ஆதாரம் டீச்சர்" என்றார். "இப்படி ஒருத்தரும் எனக்குக் காட்டல்ல. இத வச்சு நான் எழுதலாம்."

நேசராணி விஜயலெட்சுமியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். செத்த இரண்டு கோழிக்கும் அந்த நிமிடத்தில் கணக்குத் தீர்ந்தது.

வெளியே முன்திண்ணையான இஸ்தோப்பில் கால் வைத்ததும் ஸஹாப்தீன் நின்றார். "என்ன வாசம் இது?"

நல்லெண்ணெய் எரிகிற வாசம். ஐந்தாவது காம்பராவிலிருந்து. கதவில் பூட்டு இல்லை. சும்மா சாத்தியிருந்தது. அவர் தள்ளினார், திறந்துகொண்டது.

உள்ளே, அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில், கூட்டி மெழுகிய தரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுத் திரி. பக்கத்தில் இரண்டு செவ்வரத்தம்பூ, ஒரு கோப்பையில் தேத்தண்ணி. ஆவிகூட அடங்கவில்லை.

பின்னாலிருந்து காலடிச் சத்தம். தம்பையா பீலியிலிருந்து செம்பில் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். ஆட்களைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகினார்.

"ஐயா, நீங்க இங்கயா இருக்கிறீங்க?"

"தெனமும் காலையில வந்துபோறதுங்க சேர்."

"பயமில்லையா?"

"ஒன்னும் பயமில்லீங்க சேர். எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க."

ஸஹாப்தீன் கோப்பைத் திறந்தார். அது திறந்த சத்தம் இன்றைக்கும் விஜயலெட்சுமியின் காதில் இருக்கிறது.

"சேர், நில்லுங்க, எழுதாதீங்க. அவரு வெளக்கேத்த வாறாரு. குடியிருக்க வரல. ஒருத்தர் ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தா அங்க குடியிருக்காருன்னு அர்த்தமா? அப்ப சுடுகாட்டுக்குப் போறவங்கெல்லாம் சுடுகாட்டுலயா குடியிருக்காங்க? அவருக்குப் பயமில்லன்னா மலைக்குத் தெரியுமா அது? அந்தத் தாளு கிழிஞ்சது கிழிஞ்சதுதானே!"

"எல்லாம் சரி டீச்சர்" என்றார் அவர். முகத்தில் உண்மையான சங்கடம். "ஆனா போர்ம்ல ரெண்டு கட்டம்தான் இருக்கு. லயத்துல ஆள் இருக்கு, ஆள் இல்ல. நடுவுல கட்டம் இல்ல."

"நடுவுல ஒரு மனுசன் நிக்கிறாரே சேர், கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுது. ஆனா நான் என்னத்துல புள்ளடி போட? 'ஒருவர்கூட காலடி வைக்கவில்லை'ன்னு எழுதினது நானில்லையே. இதே பொய்யெண்டா மத்ததையெல்லாம் எப்படி நம்புறதெண்டு மேல கேப்பாங்க."

ஒன்று பொய்யானால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடாது. அதுவும் ஒரு தர்க்கப் போலி, அதற்கும் பெயர் உண்டு, பெயரைக்கூட அவளால் சொல்ல முடியும். ஆனால் சொல்லி என்ன? 'எல்லாரும்', 'ஒருவரும் இல்லை' என்று ஆரம்பிக்கிற கூற்றை உடைக்க ஒரே ஒரு ஆள் போதும் என்று வருடத்துக்கு நூறு தரம் கரும்பலகையில் எழுதுகிறவள் அவள்தானே. அந்த ஒரே ஒரு ஆள் செம்புத் தண்ணீரோடு எதிரே நின்றார்.

புள்ளடி 'ஆள் இருக்கு' என்ற கட்டத்தில் விழுந்தது. லயம் முழுவதற்கும் ஒரே புள்ளடி.

திரும்பி இறங்கும்போது நேசராணி விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். மண்டபத்து வாசலில் வந்து நின்றுதான் வெடித்தாள். "ஏழு வீட்டுக்கும் பாய் பாயா வந்து சத்தியம் வாங்கினீங்களே டீச்சர்! ஒரு சட்டி எடுக்கக்கூடாதுன்னீங்க. என் கோழி செத்துச்சு! உங்க வீட்டுக் கதவத் தொறந்து பாக்க உங்களுக்கு நேரமில்ல!"

விஜயலெட்சுமி நேராக அப்பாவிடம் போனாள். கிழவர் பாடசாலைக் கிணற்றடியில் செம்பைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சொல்லல? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"நீ எல்லாரையும் கேட்ட. என்னைய கேட்டியா?"

"மனசுல ஏத்திக்குங்கன்னப்ப 'ம்'ன்னீங்களே!"

"கேட்டுக்கிட்டேன்னு சொன்னேன். செய்யிறேன்னு சொன்னேனா? உங்கம்மாவுக்கு இந்த ஸ்கூலு தெரியாது விஜி. அவ வந்தா அந்த வீட்டுக்குத்தானே வருவா. இருட்டா கெடந்தா என்ன நெனப்பா?"

"பீடின்னு அந்தக் கத்து கத்தினேனே. அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாமில்ல?"

"நீயே முடிவு பண்ணிட்டுத்தானே வந்த. அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "சரி, அதெல்லாம் போகட்டும். அந்தாளு பயமில்லையான்னு கேட்டப்ப எதுக்குப்பா ஒன்னும் பயமில்லன்னீங்க? பயமாயிருக்குன்னு சொல்லியிருந்தா அது ஒன்னே போதுமே!"

தம்பையா செம்பைக் கவிழ்த்து வைத்தார். "பயமாத்தான் இருக்கு. ஒரு கால உள்ள வச்சா ஒரு கால வெளிய வச்சுக்கிட்டுத்தான் திரி போடுவேன். மலையில ஒரு கல்லு உருண்டாக்கூட ஓடியாந்துருவேன்."

"பின்ன?"

"தொர கேக்கறாரு. தொரைக்கிட்ட போயி பயமாயிருக்குன்னா சொல்லுவாங்க?"

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து பார்த்தது. கோப்போடு எவர் வந்து நின்றாலும் இந்த மலையில் அவர் தொரைதான். தொரை வந்து 'ஏதும் கஷ்டமா?' என்று கேட்டால், கால் வெட்டுப்பட்டு ரத்தம் வடிந்தாலும் 'ஒன்னுமில்லீங்க தொரை' என்பதுதான் பதில். கஷ்டம் என்று சொன்னவனை அடுத்த நாள் வேலை பிரிக்கிற பெரட்டில் பேர் சொல்லி நிறுத்தியது தம்பையாவின் அப்பா காலத்துக் கதை. கதை போனாலும் பயம் போகவில்லை. அந்தப் பதிலை ஒரு மொனராகலைக்காரர் அப்படியே நம்பி எழுதினார் என்றால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இவள் அந்தப் பதிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். எழுதின கடிதத்தில் இதற்கு ஒரு வரி இருந்ததா?

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் கிழவர் புறப்பட்டார். இவள் தடுக்கவில்லை, கூடவே போனாள். அவர் உள்ளே திரியைத் தூண்டிக்கொண்டிருக்க, இவள் இஸ்தோப்புப் படியில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாள் அப்படி. பஸ்ஸைத் தவறவிட்டு, பாடசாலையில் அதிபரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு. தர்க்கப்படி இதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. ஆனாலும் போனாள்.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை, ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு இருவரும் இறங்கினார்கள். ஒன்பதரைக்கு மலை இறங்கிற்று. மண்டபத்தில் இருந்தவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் லயம் இருந்த இடத்தில் சேறும் தேயிலைச் செடியும் தகரமும். எட்டுக் காம்பராவில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. தம்பையா ஒரு மணி நேரம் அந்தச் சேற்றைப் பார்த்தபடி நின்றார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

சரி, இதற்கு மேல் வாதிட என்ன இருக்கிறது? மலையே வந்து சாட்சி சொல்லிவிட்டது. இனிப் பெயர் தானாக வரும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வராமல் எங்கே போகும்?

திங்கட்கிழமை ஸஹாப்தீன் வந்தார். கையில் வேறு போர்ம். முகம் முன்னைவிட வாடியிருந்தது.

"டீச்சர், இது இடிஞ்ச வீடுகளுக்கான பட்டியல். இடிஞ்ச நேரம் அந்த வீட்டுல குடியிருந்தவங்களுக்குத்தான் புது வீடு. பத்தாம் நம்பர்ல அஞ்சாவது காம்பரா மட்டும் வந்திருக்கு. நீங்க கையெழுத்துப் போடணும்."

"மத்த ஏழு?"

"அங்க ஆள் இல்ல."

"என்னது?"

"உங்கட கடிதம் கோப்புல இருக்கு. திங்கட்கிழமைக்குப் பிறகு ஒருவர்கூட காலடி வைக்கவில்லை. உங்கட வாப்பாவ மட்டும் நான் நேர்ல கண்டு எழுதியிருக்கன். மேல ரெண்டையும் வச்சுப் பாத்துட்டு, அஞ்சாவதுல ஆள் இருந்திருக்கு, மத்ததெல்லாம் வெறும் வீடெண்டு முடிவு எடுத்துட்டாங்க."

விஜயலெட்சுமி சிரித்தாள். சிரிப்பா அது! "சேர், அன்னைக்கு இவரு ஒருத்தரு இருந்ததால எட்டு வீட்டுலயும் ஆள் இருக்குன்னீங்க. அதனால வீடு இல்லன்னீங்க. இன்னைக்கு இவரு ஒருத்தருதான் இருந்தாரு, மத்த ஏழு வீட்டுலயும் ஆளே இல்லங்கறீங்க. அதனாலயும் வீடு இல்ல. ஒரே மனுசன், ஒரே வெளக்கு! எப்படிப் பாத்தாலும் வீடு மட்டும் கெடையாதா?"

"நான் கேட்டன் டீச்சர். இதையேதான் கேட்டன்." அவர் பேனாவை நீட்டினார். "உங்கட பேரையாவது பட்டியல்ல காப்பாத்துங்க. இண்டைக்கு நான் இதக் குடுக்கணும்."

சுற்றிலும் ஏழு குடும்பமும் நின்றது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள். சட்டிகூட எடுக்காதவர்கள். சொல் கேளாத வீட்டுக்கு வீடு, சொல் கேட்ட ஏழு வீட்டுக்கும் ஒன்றுமில்லை. பேனாவை வாங்கினாள், தாளில் வைக்கவில்லை. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, கையெழுத்துப் போடவா?"

"ம்" என்றார் தம்பையா.

"'ம்'ன்னா என்னப்பா? போடுங்கறீங்களா, வேணாங்கறீங்களா?"

கிழவர் ஒருகணம் அவளை வியப்போடு பார்த்தார். "என்னைய எதுக்குக் கேக்குற? நேசராணியக் கேளு."

அவள் போனாள். நாலு எட்டுத்தான் இருக்கும். அவ்வளவு தூரம் அவள் வாழ்நாளில் நடந்ததில்லை.

"நேசராணி, நான் இதுல கையெழுத்துப் போடவா?"

நேசராணி அந்தத் தாளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பவாச்சும் கேக்குறீங்களே" என்றாள். பிறகு, "நீங்க போடாட்டி எனக்கு வீடு வந்துருமா? அது எந்தப் புத்தகத்துல இருக்கு டீச்சர்? போடுங்க. எங்கம்மா மாதிரி இருந்த கருப்பம்மா பெரியம்மாவுக்கு வந்து நிக்க ஒரு வாசலாவது இருக்கட்டும்."

விஜயலெட்சுமி கையெழுத்துப் போட்டாள். ஸஹாப்தீன் தாளை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, யாருடைய முகத்தையும் பாராமல், பேனாவைக்கூடத் திருப்பி வாங்காமல் ஜீப்புக்குப் போனார்.

"பேனாவ மூடாதீங்க" என்றாள் நேசராணி. "ஒரு தாளு எடுங்க. இந்தத் தடவ நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. ஒரு எழுத்துக்கூடக் கூட்டக் கூடாது."

விஜயலெட்சுமி மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

"நாங்க அந்த வீட்ல இருந்தோம். பயந்தோம். பயந்ததால வெளிய வந்தோம். வெளிய வந்ததாலதான் இன்னும் உசிரோட இருந்து கேக்குறோம்." நேசராணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எங்க, இதுல ஒரு ஓட்டை கண்டுபிடிங்க பாப்போம்."

விஜயலெட்சுமி தேடிப் பார்த்தாள். பழக்கதோஷம், தேடாமல் இருக்க முடியவில்லை. ஓட்டை எதுவும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஜீப் அதற்குள் இரண்டாம் வளைவைத் தாண்டிப் போயிருந்தது.